முதல் ஆளாகப் போகிறவர்

ஒரு சின்னக் கேள்வி. கூகுளைத் தொடாமல் பதில் சொல்லுங்கள். 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இரண்டு அணியிலும் சேர்த்து அன்றைக்கு அதிகபட்ச ரன் எடுத்தவர் யார்?

கபில்தேவ் என்று கை தூக்கியவர்கள் இறக்கிக்கொள்ளலாம். அமர்நாத்தா? அவர் மேன் ஆஃப் த மேட்ச்தான். ஆனால் எடுத்தது 26 ரன். மூன்று விக்கெட்டும் சேர்ந்துதான் பரிசு வாங்கிக் கொடுத்தது. விவ் ரிச்சர்ட்ஸ் 33-ல் போனார். கபில் பின்னால் ஓடிப் பிடித்த அந்த கேட்ச் மட்டும் இன்னும் டி.வி.யில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடை, நம்ம ஸ்ரீகாந்த். 38 ரன்.

'முப்பத்தெட்டெல்லாம் ஒரு ஸ்கோரா சார்?' என்பீர்கள். அன்றைக்கு இந்தியாவின் மொத்த ஸ்கோரே 183தான். கூடப் போன கவாஸ்கர் 2 ரன்னில் திரும்பிவிட்டார். எதிரே ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். நாலு பேரில் யார் பந்து போட்டாலும் பயப்படலாம். அந்த நேரத்தில் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி ராபர்ட்ஸை ஆஃப் சைடில் பவுண்டரிக்கு விளாசினார் பாருங்கள், அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு, 'ஓ, இவங்களையும் அடிக்கலாம் போலிருக்கே' என்று தோன்றியிருக்க வேண்டும். கோப்பை வந்தது. ஸ்ரீகாந்த் மூக்கை உறிஞ்சுவதும், சூரியனைப் பார்ப்பதும், பந்துக்குப் பந்து லெக் சைடில் ஒரு வாக்கிங் போய் வருவதும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. 38 மறந்துபோச்சு.

ஓப்பனர்களின் தலையெழுத்து அப்படி.

இன்னொன்று. 1999 பிப்ரவரி, டெல்லி டெஸ்ட். பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் ஒரே இன்னிங்ஸில் கும்ப்ளே எடுத்தார். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அதே டெஸ்ட்டில் 60, 96 என்று இரண்டு இன்னிங்ஸிலும் ஆடி வைத்த நம்ம சென்னைப் பையன் சடகோபன் ரமேஷை யாராவது சொல்கிறீர்களா? டெஸ்ட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எதிரே வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ். காலை நகர்த்த மாட்டேன்கிறான் என்று அவரைத் திட்டியவர்கள்தான் அதிகம். (பிற்பாடு 'சந்தோஷ் சுப்ரமணியம்' படத்தில் ஜெயம் ரவிக்கு அண்ணனாக வந்தார். அதை நிறையப் பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்!)

சரி, நல்ல ஓப்பனர் என்றால் யார்?

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த உறவுக்காரப் பையன் ஒருவன் லீவுக்கு வந்திருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. அவனுக்கு கிரிக்கெட் தெரியாது, பேஸ்பால்தான். அங்கேயும் முதல் ஆளாக மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குத் தனி மரியாதை, 'லீட் ஆஃப்' என்று பெயர். அதில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் ரிக்கி ஹெண்டர்சன் என்றான். 1979 முதல் 2003 வரை ஆடியவர், 2024 டிசம்பரில் காலமானார். பௌலர் அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதை அங்கே 'திருட்டு' என்பார்கள். அப்படி 1,406 தடவை திருடியிருக்கிறார். 2,295 ரன். இரண்டுமே இன்றுவரை ரெக்கார்டு.

என்னை நிமிர வைத்தது வேறொரு கணக்கு. பேஸ்பாலில் மட்டை எட்டுகிற நியாயமான எல்லைக்கு வெளியே நாலு பந்து வந்து, நாலையும் தொடாமல் விட்டால், அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். ஹெண்டர்சன் அப்படி 2,190 முறை நடந்திருக்கிறார். உடம்பைக் குறுக்கிக் குனிந்து நிற்பாராம். எல்லையும் சேர்ந்து சின்னதாகிவிடும், பௌலர் எங்கேதான் போடுவார்? ஆக, அந்த ஊரில் விட்டதற்குக் கூலி உண்டு. நம்ம கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை ஓப்பனர் அழகாக விட்டால் என்ன கிடைக்கும்? 'கட்டை போடுறான்டா' என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிடைக்கும்.

பந்தை விடுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை எனக்குக் காட்டியவர் டி.வி.யில் வந்தவரில்லை. ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவர்.

பெங்களூர் போகும் ரோட்டில் ஆம்பூரை பிரியாணிக்காக மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலூரைத் தாண்டியதும் தோல்தான் இந்தப் பக்கத்தின் சோறு. பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. தோல் வாசனை எந்த மாவட்டத்தையும் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் ஆவாரம்பட்டை போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோமியம் வந்தது, ஷூ கம்பெனிகள் வந்தன. கழிவு நீர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. பாலாறு முக்கால்வாசி நாள் மணலாகவே கிடக்கும். சின்ன வயசில் எங்களுக்கு அதுதான் ஸ்டேடியம். மணலில் டென்னிஸ் பால், கொஞ்சம் வளர்ந்ததும் மைதானத்தில் மேட் விரித்து லெதர் பால்.

அந்த டீமில் அவர் ஓப்பனர். பெயரே ஓப்பனர் என்று ஆகிவிட்டது. டீக்கடையில் 'ஓப்பனருக்கு ஒரு டீ' என்றுதான் சொல்வார்கள். நான் ஒன் டவுன். என்னைவிட நாலைந்து வயசு பெரியவர், ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. அது லேசான காரியமில்லை. மேஜையில் தோலை விரித்து, உள்ளங்கையை ஒரு தடவை ஓட்டுவார். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கிழித்த கோடு, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, எல்லாம் விரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஷூவின் முன்பக்கத்துக்கு எது, உள்பக்கத்துக்கு எது, எதுக்குமே ஆகாதது எது என்று பிரித்துத் தள்ளிக்கொண்டே இருப்பார். ஒதுக்குவதுதான் வேலை.

மேட்சுக்குப் புதுப் பந்து பிரிக்கும்போது முதலில் அதை அவர் கையில்தான் கொடுப்போம். உள்ளே கார்க், அதைச் சுற்றி நூல், மேலே படிகாரம் போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல். நாலு துண்டு தோலில் தைத்தது உசத்தி, ரெண்டு துண்டு மலிவு. எங்கள் வசதிக்கு ரெண்டு துண்டுதான். பந்தை உருட்டிப் பார்த்து, தையலில் நகத்தை ஓட்டி, 'பத்து ஓவருக்கு நல்லா எகிறும், அப்புறம் ஊறிப்போன வடை மாதிரி ஆயிடும்' என்பார். அப்படியே ஆகும்.

அந்தப் பத்து ஓவர்தான் அவர் கணக்கு. பளபளப்பு இருக்கும்வரை பந்து அலையும். தையல் கூர்மையாக இருக்கும்வரை மேட்டில் குத்தி எகிறும். 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து அரை விநாடிக்குள் பேட்ஸ்மேனிடம் வந்துவிடும் என்பார்கள். எங்கள் ஊர் பௌலர்களுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆனால் எங்களிடம் ஹெல்மெட்டும் கிடையாதே.

ஒரு மேட்ச் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாணியம்பாடி டீமோடு. பன்னிரண்டு ஓவர் நின்று ஒன்பது ரன் எடுத்து அவுட் ஆனார் ஓப்பனர். நான் உள்ளே போகிறேன், அவர் வெளியே வருகிறார். பவுண்டரிக் கோட்டுக்கிட்ட நின்று மூன்றே விஷயம் சொன்னார்:

"லெஃப்ட் கையன் போடறது உள்ள வராது, வெளியதான் போவும், தொடாத. லெக் சைடு மூலையில மேட் மடங்கிக்கினு கீது, அங்க குத்துனா எகிறும். அந்த உசரமான பையனுக்கு மூச்சு வாங்குது, இன்னும் ரெண்டு ஓவர்தான். அப்புறம் சாத்து."

சாத்தினேன். அறுபது சொச்சம். எவர்சில்வர் தட்டு கொடுத்து, கைகுலுக்கி போட்டோ எடுத்தார்கள். போட்டோவின் ஓரத்தில் பாதி முதுகு தெரிகிறது. மேட்டைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார் ஓப்பனர்.

ஸ்கோர் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒன்பது. நான் அடித்த அறுபதில் அவருடையது எத்தனை? அதற்கு நோட்டில் காலம் கிடையாது. டெஸ்ட் ரெக்கார்டு புத்தகத்திலும் கிடையாது.

2008-ல் ஐ.பி.எல். வந்தது. எங்கள் டீமுக்கும் சின்ன வயசு கேப்டன் வந்தான். "ரன் எங்கண்ணே? பதினைஞ்சு ஓவர் மேட்சுல பத்து ஓவர் இவர் நின்னா மத்தவன் எப்ப ஆடறது?" என்றான். கேள்வி தப்பென்று சொல்லமாட்டேன். அந்த வருஷம் மார்ச்சில்தான் சேப்பாக்கத்தில் சேவாக் ஓப்பனிங் இறங்கி 319 அடித்திருந்தார், அதுவும் டெஸ்ட்டில். அதற்கு முன்பே, 1996-ல், ஜெயசூர்யாவும் களுவிதாரணவும் முதல் பதினைந்து ஓவரில் புதுப் பந்தைத் துவைத்து எடுத்து உலகத்துக்கே வேறு பாடம் சொல்லிவிட்டார்கள். காலம் மாறினால் வேலையும் மாறும். ஆனால் நீக்கியதை ஓப்பனரிடம் நேரில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. டீக்கடையில் ஒட்டியிருந்த டீம் லிஸ்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இரண்டு தடவை படித்தார். டீ குடித்தார். காசு கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்து மேட் விரிக்க ஒரு கை பிடித்தார்.

அவருக்குப் பதில் வந்த பையன் சில நாள் நாற்பது அடித்தான், சில நாள் முதல் ஓவரிலேயே திரும்பினான். டீம் முன்பு ஜெயித்த அளவுக்குத்தான் ஜெயித்தது. பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் எனக்குத்தான். எதிரே வருகிறவன் பேட்டைத் தரையில் ஓங்கி அடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கடந்து போய்விடுவான். பந்து என்ன செய்கிறது என்று சொல்ல ஆளில்லை. இருட்டு அறைக்குள் நுழைகிற மாதிரி இருக்கும்.

வீட்டிலும் ஓப்பனர்தான் மூத்தவர். பத்தாவது முடித்ததும் டேனரிக்குப் போனார். முதலில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை எடுக்கும் வேலை. கை வெந்து போகும். பின்னால் வந்த மூன்று தம்பி தங்கைகளும் காலேஜ் படித்தார்கள். 'எந்த குரூப் எடுக்கணும், எங்க ஹாஸ்டல் நல்லா இருக்கும்' என்றெல்லாம் விசாரித்துச் சொன்னவர் அவர்தான், காலேஜ் வாசலை மிதிக்காத மனுஷன். கட்டுரைக்காக இதை ஜோடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பார்கள்.

2014 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்ட். பச்சைப் பசேலென்ற பிட்ச். நம்ம முரளி விஜய் இரண்டாவது இன்னிங்ஸில் கிட்டத்தட்ட 250 பந்து நின்று 95 எடுத்தார். இந்தியா ஜெயித்த வித்தியாசமும் 95 ரன்தான்! டீக்கடை டி.வி. முன்னால், 'அடிக்க மாட்றான்பா' என்று எல்லாரும் சலித்துக்கொள்ள, ஓப்பனர் மட்டும் ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னவென்று பார்த்தால், விஜய் விட்ட பந்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த மேட்சில் இஷாந்த் சர்மா ஏழு விக்கெட் எடுத்தார். மறுநாள் பேப்பரில் யார் படம் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

அதற்காக எல்லா ஓப்பனரும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 2022 நவம்பரில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிரான விஜய் ஹசாரே மேட்சில், தமிழ்நாட்டு ஓப்பனர்கள் ஜெகதீசனும் சாய் சுதர்சனும் முதல் விக்கெட்டுக்கே 416 சேர்த்தார்கள். ஜெகதீசன் மட்டும் 277. எனக்கு என்னவோ, பேடு கட்டிக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த அந்த ஒன் டவுனை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.

இப்போது ஓப்பனர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பையன்களுக்கு ஆடச் சொல்லிக் கொடுக்கிறார். பேஸ்பாலில் நாலு பந்து விட்டால் நடந்து போகலாமாம் என்று அவரிடம் சொன்னேன். கண் விரிந்தது. "நாலா? நம்ம பசங்களுக்கு நாலு வரைக்கும் பொறுமை ஏது? ஒண்ணுக்கே குடுத்துடலாம்" என்றார். அந்த வாரமே சட்டம் போட்டுவிட்டார்: ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொடாமல் விட்டால் ஒரு ரன்.

ஒரே சண்டை. "அது ஸ்டம்புல வந்தது அண்ணே", "இல்ல, வெளிய போச்சு" என்று பந்துக்குப் பந்து பஞ்சாயத்து. நான் போயிருந்த அன்றைக்கு, அரை டிராயர் போட்ட ஒரு பொடியன் பேட்டில் பந்து படாமலே ஏழு ரன் எடுத்தான். எட்டாவது பந்து நேராக வந்தது. அதையும் விட்டான். மிடில் ஸ்டம்ப் பறந்தது. "அண்ணே, இதுக்கு ஒரு ரன் உண்டா?" என்றான்.