கன்றுக்குச் சொன்ன பதில்

ராணுவக்காரர் வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டிக்கு நிரந்தர இடம் கிடையாது. லீவு முடியும்வரை கூடத்துச் சுவரோரம் கிடக்கும். ஆள் கிளம்பினால் அதுவும் கிளம்பும். என் அண்ணன் மகனின் பெட்டி மூடியில் எண், பெயர், பதவி மூன்றும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கின்றன. பதவி எழுதிய இடம் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். சிப்பாய் என்பதன்மேல் கறுப்படித்து லான்ஸ் நாயக், அதன்மேலும் கறுப்படித்து நாயக். விரலால் தடவினால் அடியில் கிடக்கும் எழுத்துகள் தட்டுப்படும். அவனுடைய மூன்று வயது மகள் இந்தப் பெட்டிமேல் ஏறி நின்றுதான் ஜன்னல் கம்பியைப் பிடிப்பாள். இன்னொரு பூச்சு விழுமா, இல்லை பெட்டி பரணுக்குப் போகுமா என்பதுதான் இப்போது அந்த வீட்டில் பேச்சு.

அவனுக்கு 15 ஆண்டு சேவை முடியப்போகிறது. பென்ஷனோடு ஊருக்கு வரலாம். இருந்தால் ஹவில்தார் ஆகலாம். வெலிங்டனில் பயிற்சி எடுத்த நாளிலிருந்து போட்ட உடுப்பைச் சட்டென்று கழற்றிவிட அவனுக்கு மனமில்லை. அதனால் மூன்றாவதாக ஒரு வழி யோசித்தான். கோயம்புத்தூரில் 110ஆவது டெரிடோரியல் ஆர்மி (டி.ஏ.) பட்டாலியன் இருக்கிறது. ஊரில் ஒரு வேலை பார்த்துக்கொண்டே அதில் சேர்ந்தால் ஆண்டுக்கு 2 மாதம் பயிற்சி. இதைக் கேட்டதும் அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மிச்சம் 10 மாதம் பிள்ளை கண்ணெதிரே இருப்பானே!

டெரிடோரியல் ஆர்மி என்கிற எண்ணமே எனக்குப் பிடித்த ஒன்று. 1949 அக்டோபர் 9 அன்று, கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கிவைத்த படை அது. கடையிலும் கழனியிலும் இருப்பவன் நாட்டுக்கு வேண்டியபோது துப்பாக்கி எடுப்பான், வேலை முடிந்ததும் தன் தொழிலுக்குத் திரும்புவான். திரும்பி வருகிறவனுக்குப் பழைய வேலையைக் கொடுக்க வேண்டும் என்று அதன் சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். முதலாளி என்ன சொல்வாரோ என்கிற பயத்தோடு ஒருவன் காவலுக்கு நிற்கக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த 2 மாதம் என்பது அமைதிக் காலத்துப் பேச்சு. 1962, 1965, 1971 போர்களில் டி.ஏ.க்காரர்களும் போனார்கள். போர் இல்லாதபோதும் காஷ்மீரில் நீண்ட காலம் காவல் காக்கும் டி.ஏ. பட்டாலியன்கள் உண்டு. கூப்பிட்டால் போக வேண்டும், விட்டால்தான் வர வேண்டும். படையில் இருக்கும் நாளுக்குத்தான் சம்பளம். நேராக டி.ஏ.வில் சேரும் சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால், படையில் கழித்த நாட்களை மட்டும் கூட்டி 15 ஆண்டு வர வேண்டும். ஆண்டுக்கு 2 மாதம் என்றே போனால் அதற்கு 90 ஆண்டு பிடிக்கும். இவனுக்கு அந்தக் கவலை இல்லை, ரெகுலர் பென்ஷன் கையில் இருக்கும். ஊரில் இவனைப் பார்த்து அதில் சேர நினைக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பேச்சு நடந்த நாட்களில் என் மனம் முல்லைப்பாட்டிலேயே கிடந்தது. பத்துப்பாட்டில் ஆகச் சிறியது, 103 அடி. போருக்குப் போன அரசன் பாசறையில் தூங்காமல் கிடக்கிறான். அரண்மனையில் மனைவி, கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரின் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். எல்லோரும் இந்த இருவரைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதில் வரும் இடைச்சிறுமியை விட்டு நகர முடிவதில்லை. மாலையில் வீட்டு முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி நற்சொல் கேட்க ஊருக்கு வெளியே போய் நிற்கிறார்கள். அங்கே சிறு கயிற்றில் கட்டிய பச்சிளங்கன்று ஒன்று தவித்துச் சுழல்கிறது. குளிரில் கைகளைத் தோளோடு கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண் அதனிடம் சொல்கிறாள்: கோவலர் பின்னாலிருந்து ஓட்டிவருகிறார்கள், உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள். அந்தப் பேச்சைத்தான் பெரிய வீட்டுப் பெண்கள் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்! அந்தப் பசுக்கள் தம் விருப்பத்துக்கு வருவதில்லை, பின்னால் கோல் இருக்கிறது. சிப்பாயின் லீவும் அப்படித்தான், யாரோ கையெழுத்துப் போட்டால்தான் ஊர் திரும்பக் காட்பாடிக்கு ரயில் ஏற முடியும். கன்றுக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. எப்போது என்று தெரிந்தால் போதும். அந்தப் பெண் கன்றின் அழகைப் பாடவில்லை, அழாதே என்று அதட்டவில்லை. அது கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொன்னாள்.

மருமகளும் அதே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் இரண்டாவதாக உண்டாகியிருக்கிறாள். டி.ஏ. வேண்டும் என்று அவள்தான் முதலில் நிற்பாள் என நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சாதம் பிசைந்து குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்கை இவர் முடிச்சிட்டார் மாமா. அடுத்தது பீஸ் ஸ்டேஷன். குவார்ட்டர்ஸ் கிடைச்சா நாங்களும் கூடவே போயிடுவோம், ராத்திரி வீட்டுக்கு வந்துடுவார். டி.ஏ.வுல கூப்பிட்டா எத்தனை நாள் முன்னாடி சொல்வாங்க, எப்ப விடுவாங்க? அதை மட்டும் யாராவது சொல்லுங்க.” அவன் கோயம்புத்தூரில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டான். நிலைமையைப் பொறுத்தது என்றானாம் நண்பன்.

அண்ணி இன்னும் அந்த 10 மாதத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஏக்கம் நியாயமானது. மகன் ஃபீல்டில் இருந்த காலத்தில் இரவுச் செய்தி ஓடும்போது அவர் டிவி முன்னால் சாப்பிட்டதே இல்லை. இருந்தாலும் எனக்கு மருமகளின் கணக்குதான் சரியாகப் படுகிறது. மூன்று வயதுக் குழந்தை மாதக்கணக்கைக் கூட்டிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் வருவார் என்று சொன்னால் சாயங்காலம் வர வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. முழுநேரச் சேவையில் பிரிவு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஃபீல்டு என்றால் ஃபீல்டு, பீஸ் என்றால் பீஸ், ஆண்டுக்கு 60 நாள் லீவு என்று குழந்தையிடம் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. பாதி நேரச் சேவையில் ஆள் வீட்டில் இருக்கும்போதும் வாசலில் ஒரு தபால் நிற்கும்.

அடுத்த போஸ்டிங் ஃபீல்டாக இருந்திருந்தால் நானே வந்துவிடு என்று சொல்லியிருப்பேன். இப்போது, இன்னும் சில ஆண்டு இரு, குவார்ட்டர்ஸ் வரிசையில் முதலில் பெயரைப் பதிவு செய், பிரசவத்துக்குள் வீடு கிடைக்குமா என்று விசாரி என்று சொல்லியிருக்கிறேன்.