நிறுத்திப் பார்த்தல்

சினிமாவைப் பாடமாக எடுத்துப் படிக்கப்போகும் பெண் முதலில் எதைப் பழக வேண்டும் என்று கேட்டால் கேமரா, படத்தொகுப்பு, உலக சினிமா வரலாறு என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அவளுடைய கைதான் நினைவுக்கு வருகிறது. யாராவது அறைக்குள் வந்தால் ரிமோட்டை நோக்கித் தானாக ஓடும் கை.

எங்கள் தலைமுறைக்கு ரிமோட் வருவதற்கு முன்பே அந்தக் கை வந்துவிட்டது. தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில், ஞாயிறு மாலை தூர்தர்ஷன் படத்துக்குப் பாய் விரித்து உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நானும் அக்காவும். திரையில் ஆணும் பெண்ணும் நெருங்கி நின்றால் அப்பா இருமுவார். அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ ஞாபகம் வரும். நாங்கள் இருவரும் பாயின் கோரைகளை எண்ணுவோம். வில்லன் ஒரு பெண்ணைத் துரத்திப் பிடித்துச் சேலையை உருவும் காட்சிக்கு மட்டும் யாரும் இருமியதில்லை. அது கதைக்குத் தேவையான காட்சி. குடும்பத்தோடு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தோம். எதைப் பார்க்கலாம், எதற்குத் தலை குனியவேண்டும் என்பதை நாங்கள் படித்தது அந்தப் பாயில்தான்.

அக்கா கல்யாணமாகிக் கிழக்கு லண்டனுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஈட்டிய விடுப்பெடுத்துக்கொண்டு ஜூன் கடைசியில் நான் அங்கே போனபோது அவள் மகள் ஜிசிஎஸ்இ தேர்வுகளை முடித்திருந்தாள். பதினாறு வயது. செப்டம்பரில் சிக்ஸ்த் ஃபார்ம் தொடங்கவேண்டும். நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ போல இரண்டு வருடப் படிப்பு அது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் எடுப்பது மூன்றே மூன்று ஏ லெவல் பாடங்கள். அதில் ஒன்றாகத் திரைப்படக் கல்வியை எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்திருந்தது.

"படம் பாக்கதுக்கு ஒரு பள்ளிக்கூடமாட்டி?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். "நான் ராத்திரி டியூட்டி பாக்கது, இவ உக்காந்து படம் பாக்கதுக்கா?"

அக்கா பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். அந்தச் சான்றிதழ் லண்டனில் எதற்கும் உதவவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி பார்க்கிறாள். தனக்குத் திறக்காத கதவு மகளுக்காவது திறக்கவேண்டும் என்று நினைக்கிற ஒருத்தியை, கலையின் அருமை தெரியாதவள் என்று ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியாது. அவளுடைய பயத்துக்கு ஆதாரமும் இருந்தது. பிரிட்டனின் 24 பெரிய பல்கலைக்கழகங்களைக் கொண்ட ரஸ்ஸல் குழுமம், உயர்கல்விக்கு வழி திறக்கும் பாடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், வரலாறு, ஆங்கில இலக்கியம் எல்லாம் அதில் உண்டு. திரைப்படம் இல்லை. 2019இல் அந்தப் பட்டியலைக் குழுமம் கைவிட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் கைவிடவில்லை.

படம் பார்ப்பது சும்மா உட்கார்ந்திருப்பதா என்பது, பள்ளி கொடுத்தனுப்பியிருந்த கோடைக்கால வேலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துபோனது. பழக்கமில்லாத படங்களாகப் பார்க்கவேண்டும். 1960க்கு முந்தையது ஒன்று, பேசாப்படம் ஒன்று, ஆங்கிலமல்லாதது ஒன்று, ஆவணப்படம் ஒன்று, பெண் இயக்கியது ஒன்று. பிறகு ஒரு படத்தில் ஐந்து நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒலியை அடைத்துவிட்டு ஒருமுறை, படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் ஒருமுறை, நிறுத்தி நிறுத்தி ஒருமுறை பார்க்கவேண்டும். ஒளிப்பதிவு, காட்சியமைப்பு, படத்தொகுப்பு, ஒலி, நடிப்பு என்று ஐந்து தலைப்பில் குறிப்பெழுத வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்குப் பாடல்களை நான் படித்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

அவளுக்குத் தகராறு காட்சியமைப்பில் வந்தது. "சோகமான காட்சி" என்று எழுதுவாள், ஏன் சோகம் என்று கேட்டால் திணறுவாள். நான் எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். நம் அகப்பாடல்களில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று உண்டு. நிலமும் பொழுதும் முதல். அங்கே இருக்கிற மரம், பறவை, விலங்கு, உணவு எல்லாம் கரு. அவர்கள் படுகிற பாடு உரி. பிரிவுத்துயரைத் தலைவி வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை, பக்கத்தில் நிற்கிற நாரை சொல்லிவிடும். சட்டகத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று முதலில் எண்ணு, சோகம் பிறகு தானாக வரும் என்றேன்.

நாங்கள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது ஆன்ட்ரியா ஆர்னால்டின் 'ஃபிஷ் டேங்க்', 2009இல் வந்த பிரிட்டிஷ் படம். எசெக்ஸ் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் அம்மாவோடும் தங்கையோடும் வாழும் மியா என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் கதை. அகலத்திரை இல்லை, பழைய டிவிபோலச் சதுரத்துக்கு நெருக்கமான சட்டகம். சங்கிலியில் கட்டிப்போட்ட குதிரை ஒன்றை அவிழ்த்துவிட மியா முயல்கிறாள். "அப்ப அந்தக் குதிரைதான் கருப்பொருளா சித்தி?" என்றாள் அக்கா மகள். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவின் காதலன் மியாவிடம் ஒரு கேமராவைக் கொடுத்து, அவள் நடனத்தைப் படமெடுத்துக்கொள்ளச் சொல்கிறான். அவள் அதை வைத்து அவனையும் எடுக்கிறாள். ஒரு பெண் பிள்ளை ஆணைப் பார்ப்பதைத் திரையில் இவ்வளவு நேரம் நான் கண்டதில்லை. ஆனால் ஓர் இரவு, அம்மா தூங்கியபின், அவன் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறான். அந்தக் காட்சியில்தான் வாசல் கதவு திறந்தது. பணி முடிந்து அக்கா வந்துவிட்டாள். அவள் மகளின் கை பாய்ந்து படத்தை நிறுத்தியது.

லண்டனில் பிறந்த பிள்ளைக்கும் அந்தக் கை இருந்தது.

"என்ன கருமத்தப் பாக்கீங்க ரெண்டு பேரும்?" அக்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

நான் படத்தை மாற்றச் சொல்லவில்லை. நின்றுபோன சட்டகத்தைக் காட்டி, இதை அம்மாவுக்குச் சொல் என்றேன். குரல் நடுங்கத்தான் அவள் தொடங்கினாள். கேமரா யாரோடு இருக்கிறது, மியாவோடுதான். படம் முழுக்க அவளை விட்டு அது நகர்வதில்லை. அவளுக்குப் பிடித்திருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் அவன் பெரியவன், அவள் வயது அவனுக்குத் தெரியும். அக்கா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"பதினஞ்சும்மா."

"அவன் மேல கேசு போடலியா?"

"படத்துல யாரும் போடல. அதத்தான் நான் எழுதணும்."

நிறுத்துவது என்ற ஒரே செயல் அந்த அறையில் இரண்டு பொருள் கொண்டது. வெட்கப்பட்டு நிறுத்துவது ஒன்று. நன்றாகப் பார்ப்பதற்காக நிறுத்துவது இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்து சேர்வதுதான் ஒரு பெண்ணுக்கு இந்தப் படிப்பின் முன்தயாரிப்பு என்று அன்று எனக்குத் தோன்றியது.

இதற்குக் கோட்பாடும் இருக்கிறது. லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரை, ஹாலிவுட் படங்களில் ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைந்திருப்பதை ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' போன்ற படங்களை வைத்துக் காட்டியது. திரைப்படம் படிக்கும் பிள்ளைகள் விரைவிலேயே அந்தப் பெயரைக் கேட்டுவிடுவார்கள். எனக்கு அதைவிட நெருக்கமாகத் தெரிபவர் பெல் ஹூக்ஸ். பார்த்ததற்காகவே தண்டிக்கப்பட்ட அடிமைகளின் வரலாற்றிலிருந்து தொடங்கிக் கறுப்பினப் பெண்களின் எதிர்ப்பார்வையைப் பற்றி அவர் 1992இல் எழுதினார். டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கம் என்று தனியே ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட நமக்கு, நிமிர்ந்து பார்ப்பதே முதல் மீறல் என்பதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

அவள் படிக்க இருந்த எடுகாஸ் பாடத்திட்டத்தில் உலகப்படங்களுக்கான பட்டியலில் மணிரத்னத்தின் 'தில் சே' இடம்பெற்றிருந்தது. தமிழில் 'உயிரே' என்று என் கல்லூரி நாட்களில் நாங்கள் கொண்டாடிய படம். பாட்டெல்லாம் அக்காவுக்கு இன்றும் மனப்பாடம். மகள் அதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "அவ வேண்டாம்னு சொன்ன பொறவும் அவன் ஏன்மா பின்னாலயே போறான்? கேமராவும் ஏன் அவன் கூடயே போகுது?" அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

அதே பாடத்திட்டத்தில், பரிசோதனைப் படங்கள் பகுதியில், இரண்டு பெண்களின் படங்களைச் சேர்த்து ஒரு தேர்வாக வைத்திருந்தார்கள். செக் இயக்குநர் வேரா ஹிதிலோவாவின் 'டெய்சீஸ்', பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான்டால் அக்கர்மானின் முதல் குறும்படம் 'சோத் மா வில்'. அக்காவின் வார விடுமுறை நாளில் மூவரும் பார்த்தோம். 'டெய்சீஸ்' படத்தில் இரண்டு பெண்கள் விருந்துச் சாப்பாட்டை மேசைமேல் ஏறி மிதித்துத் துவைக்கிறார்கள். அக்காவால் தாங்க முடியவில்லை. "சோத்த மிதிக்காளுவளே, வெளங்குமா?" என்று புலம்பினாள். மிதிபட்ட கீரைக்காக மட்டும் கொதிக்கிறவர்களுக்கு இந்தப் படம் என்ற பொருளில் முடிவில் ஒரு வரி வருகிறது. மகள் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள். உணவை வீணாக்கியதாக அந்த நாட்டு அதிகாரிகளும் அந்தப் படத்தின்மேல் குற்றம் சொன்னார்கள் என்று நான் சொன்னேன்.

அடுத்தது 13 நிமிடப் படம். 1968இல் அதை எடுத்தபோது அக்கர்மானுக்கு வயது 18. அவரே நடித்திருக்கிறார். ஒரு பெண் முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள், சமையலறைக்குள் போகிறாள், கதவு இடுக்குகளில் டேப் ஒட்டுகிறாள். சாப்பிடுகிறாள். பாத்திரங்களைத் தரையில் தள்ளித் தண்ணீரை ஊற்றித் துடைக்கிறாள். காலணிக்குப் பாலிஷ் போடும்போது காலுக்கும் சேர்த்துப் போடுகிறாள். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு அதன்மேல் சாய்கிறாள். திரை இருண்டு வெடிச்சத்தம் கேட்கிறது.

"டேப்பு ஒட்டும்போதே எனக்குத் தெரிஞ்சிட்டு" என்றாள் அக்கா.

"எப்படிம்மா?"

அக்கா பதில் சொல்லாமல் அரிசி களையப் போனாள். அந்த வாக்கியத்தை மகள் தன் குறிப்பேட்டில் காட்சியமைப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதினாள். 'அம்மா சொன்னது' என்று பக்கத்தில் குறித்தாள். இரவு அக்காவின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கேட்காத கேள்விகளை அவள் கேட்டிருப்பாள்.

ஆகஸ்ட் இறுதியில் ஒரு வியாழக்கிழமை ஜிசிஎஸ்இ முடிவுகள் வந்தன. நான் ஊர் திரும்பிக் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தேன். ஆங்கில இலக்கியம், உயிரியல், திரைப்படம் என்று மூன்றையும் எழுதிச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். யாருக்கு யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கோயிலில் பார்க்கிறவர்களிடம் அக்கா "பயாலஜி படிக்கா" என்று மட்டும்தான் சொல்கிறாளாம்.

அந்தப் படிப்பில் 70 விழுக்காடு மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. மீதி 30, மாணவரின் சொந்தப் படைப்புக்கு. ஒரு குறும்படம் எடுக்கலாம், அல்லது திரைக்கதை எழுதி அதன் ஒரு பகுதியைப் புகைப்படங்களாகக் காட்டலாம். அவள் இரண்டாவதற்கு இப்போதே பழகுகிறாள். இரவுப் பணி முடித்து வீட்டுக்கு வரும் ஒரு பெண், விடிகாலை, வாசல், காலணியைக் கழற்றுவது. நடிக்க ஆள் வேறு யார்? கேட்டதற்கு அக்கா முதலில் மாட்டேன் என்றாளாம். தலை கலைந்திருக்கும், சீருடையில் இருப்பேன், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாளாம். இரண்டு நாள் கழித்து, சோற்றை வடித்துக்கொண்டே, தானாகக் கேட்டிருக்கிறாள்:

"நீ எங்க நின்னு எடுப்ப? வாசலுக்கு வெளியவா, உள்ளயா?"