இட்ஸா, தேரா?

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகள் கூப்பிட்டாள். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"மாமா, 'தி கமிட்டி ஹேஸ் சப்மிட்டட்', அப்புறம் ஒரு கோடு, அப்புறம் 'ரிப்போர்ட்'. கோட்டுல இட்ஸ் வருமா, தேர் வருமா? யூடியூப்ல ஒரு சார் எப்பவுமே இட்ஸ்தான்ங்கறார். இன்னொருத்தர் கமிட்டின்னா ஆளுங்கதானே, தேர் போடுங்கறார்."

"அம்மாகிட்ட கேட்டியா கண்ணு?"

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா மாமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கமிட்டி, ஜூரி, டீம், ஃபேமிலி, இந்தக் கூட்டுப்பெயர்களை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவளுடைய அம்மாதான். கரூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில், அட்டை கிழிந்த ஒரு ரென் அண்ட் மார்ட்டினை மடியில் வைத்துக்கொண்டு. (அந்த ரென், பம்பாயில் கல்வித்துறையில் வேலை பார்த்துவிட்டு 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிய அதே பி.சி.ரென் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.) விதி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கூட்டம் ஒரே ஆளைப்போல ஒரு காரியத்தைச் செய்தால் இட்ஸ். உள்ளே ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர். கமிட்டி அறிக்கை கொடுத்தால் அது 'இட்ஸ்' ரிப்போர்ட். கமிட்டிக்குள் கருத்து வேறுபாடு வந்தால் அது 'தேர்' ஒபீனியன்ஸ்.

விதியைத் தெரிந்துகொண்டும் கோட்டை விட்டவன் நான். 2008இல் கல்லூரிக்கு வந்த ஒரு கம்பெனியின் எழுத்துத்தேர்வு. 'தி டீம் செலிப்ரேட்டட்', கோடு, 'விக்டரி'. நான் தேர் போட்டேன். காரணம் கிரிக்கெட். என் ஆங்கிலத்தில் பாதி கிரிக்இன்ஃபோவின் எழுத்து வர்ணனையிலிருந்து வந்தது. அங்கே 'ஆஸ்திரேலியா ஹேவ் வொன் தி டாஸ்' என்றுதான் எழுதுவார்கள், ஹேஸ் இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அணி என்றால் பதினோரு பேர். அமெரிக்கர்களுக்கு அதுவே ஒரு பொருள், ஒருமை. வெளியே வந்து பசங்களிடம் கேட்டால் எல்லாரும் இட்ஸ். அந்த வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால் போனது என்று சொல்லமாட்டேன், ஆப்டிட்யூடிலும் நன்றாகவே சொதப்பியிருந்தேன். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது.

ஏனென்றால் அது மோசமான கேள்வி. கமிட்டி 'ஹேஸ்' என்று வந்தால் கேள்வி எழுதியவர் ஏற்கெனவே ஒருமையைத் தேர்ந்துவிட்டார், நாமும் இட்ஸ் போட்டுவிட்டுப் போகலாம். 'ஹேவ்', 'வேர்' என்று வந்தால் தேர். 'செலிப்ரேட்டட்' என்ற இறந்தகால வினையில் ஒருமையா பன்மையா என்பதே தெரியாது. எழுதியவரின் மனசுக்குள் இருப்பது ஒரு அணியா, பதினோரு பேரா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். ஒரு பெயருக்குள் இருப்பது லிஸ்ட்டா தனி ஆப்ஜெக்டா என்று சொல்லாமல் ஒரு புரோகிராமர் கோட் எழுதினால் ரிவ்யூவில் நாலு பேர் கிழித்துவிடுவார்கள். தேர்வுத்தாளுக்கு அப்படி ரிவ்யூ செய்ய யாரும் இல்லை போல.

அமெரிக்கர்கள் ஒருமை என்றேன் இல்லையா? 1787இல் அவர்கள் எழுதிய அரசியலமைப்பிலேயே, பிரதிநிதிகள் சபை தன் சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பதைச் சொல்லுமிடத்தில் 'தேர்' என்றுதான் இருக்கிறது. அதே முதல் ஷரத்தில், ஒவ்வொரு அவையும் தன் நடைமுறைக்கு விதி வகுத்துக்கொள்வதைச் சொல்லும்போது 'இட்ஸ்'. இன்றைய விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் அதற்கும் ஒரு மார்க் போய்விடும்.

தமிழில் நமக்கு இந்தத் தலைவலி குறைவு. எழுத்தில் எல்லாம் அஃறிணை ஒருமை: குழு முடிவு செய்தது, அரசு அறிவித்தது, வங்கி கேட்கிறது. பேச்சில் அப்படிப் பேசினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 'பேங்க்ல கேக்குறாங்க', 'ஆபீஸ்ல சொல்லிட்டாங்க', 'வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க'. கவனித்தால் இந்த வாக்கியங்களில் எழுவாயே கிடையாது. இடம் இருக்கிறது, வினையின் கடைசியில் ஒரு 'ங்க' இருக்கிறது. யார் என்று கேட்டால் பதில் இல்லை.

அக்கா பி.ஏ. இங்கிலீஷ் முடித்தது 2000இல். திருச்சியில் எம்.ஏ. சீட் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். போகவில்லை. கேட்ட தோழிகளிடமெல்லாம் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாங்க." அடுத்த வருஷம் கல்யாணம்.

அந்த 'ங்க' யார்? நான் அன்றைக்குக் கூடத்தில்தான் இருந்தேன், எனக்குப் பதிமூன்று வயது. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னது பெரியப்பா ஒருத்தர்தான். அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அம்மா அடுக்களையில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். தாத்தா "படிக்கட்டுமேடா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார். பெரியப்பாதான் கடைசியாகச் சொன்னார், "பையனை இன்ஜினியரிங் சேர்க்கணும், காசு வேணாமா?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அக்கா போகட்டும் என்றும் சொல்லவில்லை.

அக்கா சொல்லிக்கொடுத்த விதிப்படி பார்த்தால் எங்கள் குடும்பத்துக்கு அன்றைக்குத் தேர்தான் வந்திருக்க வேண்டும். ஊருக்குப் போனது இட்ஸ்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ராத்திரி பத்தரை மணிக்கு எப்படிச் சொல்வது? "போனை ஸ்பீக்கர்ல போட்டு அம்மாகிட்ட கொடு" என்றேன். பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம். நின்றது.

"என்னடா தம்பி, இந்நேரத்துல?"

"உன் பொண்ணுக்கு ஒரு டவுட்டுக்கா. கமிட்டி சப்மிட்டட், கோடு, ரிப்போர்ட். இட்ஸா, தேரா?"

கை துடைக்கிற நேரம் ஆயிற்று.

"சும்மா சப்மிட்டட்டா? முன்னாடி ஹேஸ், ஹேவ் எதுவும் போடலையா? முழுசாப் படி பாப்பா."

அவள் முழுசாகப் படித்தாள்.

"ஹேஸ்னு இருக்குல்ல? அப்ப இட்ஸ். வினையைப் பாரு முதல்ல" என்றாள் அக்கா. ஒரு நொடி கழித்து, "இரு, ஜூரின்னு ஒண்ணு வரும், அதையும் சொல்லிடுறேன், நோட்டை எடு" என்றாள்.

நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.