புட்டியில் ஏறிய வாஷிங்டன்

பிலடெல்பியா நகரத்தைக் காணச் செல்வோர், அமெரிக்கரின் சுதந்திரப் பிரகடனம் 1776-ல் நிறைவேறிய மண்டபத்தையும் வெடிப்பு விழுந்த மணியையும் தரிசித்துத் திரும்பிவிடுவது வழக்கம். டெலவேர் நதிக்கரையை ஒட்டி வடகிழக்கே சென்றால் கென்ஸிங்டன் வரும். இன்று அங்கே காதில் விழுவது 95-ஆம் எண் நெடுஞ்சாலையின் இரைச்சலே. அச்சாலைத் திருப்பணிக்காக மண்ணை அகழ்ந்தபோது பழைய கண்ணாடித் தொழிற்சாலையொன்றின் சின்னங்கள் வெளிப்பட்டன. டயட்வில் என்பது அதன் பெயர்.

அங்கே செய்த பொருள்களுள் விசேஷமானவை, சட்டைப் பையில் அடங்கும் தட்டையான புட்டிகள். இரண்டாகத் திறக்கும் அச்சுக்குள் உருகிய கண்ணாடியை வைத்துக் குழலால் ஊதுவார்கள். அச்சில் வெட்டியிருந்த உருவம் புட்டியின்மேல் புடைத்து நிற்கும். ஒரு புறம் வாஷிங்டன், மறு புறம் கழுகு. விளிம்பில் ஆடம்ஸ், ஜெபர்ஸன் பெயர்களும் 1776 ஜூலை 4 என்ற தேதியும். சித்திரப்படம் வாங்க வகையற்ற உழவனும் வண்டிக்காரனும் தேசபிதாவின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தது இவற்றில்தான். 1824-ல் பிரெஞ்சு வீரர் லாபயெத் விருந்தினராக வந்தபோது அவர் முகமும் புட்டியில் ஏறிற்று. கனெக்டிகட்டிலுள்ள காவென்ட்ரியில் செய்த ஒன்றில், ஈரிக் கால்வாயை வெட்டுவித்த கிளிண்டன் அவருக்கு மறுபுறம் இருக்கிறார்.

உள்ளே இருந்தது என்ன? பெரும்பாலும் விஸ்கி!

இதைவிட வேடிக்கை, தொழிற்சாலையின் அதிபர் தாமஸ் டயட்டின் சரித்திரம். இங்கிலாந்திலிருந்து வந்த அவர், மருந்து விற்றே பொருள் சேர்த்தவர். வைத்தியப் பட்டம் தாமே சூட்டிக்கொண்டது. தொழிலாளருக்காக அவர் அமைத்த கிராமத்தில் கோவிலும் இராப்பள்ளியும் உண்டு. மதுபானத்துக்கு மட்டும் தடை. அவ்வொழுங்கைப் புகழ்ந்து 1833-ல் நூலே வெளியிட்டார். வேலைக்காரச் சிறுவனுக்கு மறுத்ததை ஊராருக்குப் புட்டியளவில் அளந்தவரின் நெஞ்சு எத்தகையது என்று நாம் கேட்கலாம்; அச்சிறுவர்களுக்கு எழுத்தறிவித்ததை மறுப்பதும் நியாயமன்று.

பின்பு பாங்கி வைத்தார். 1837-ன் நெருக்கடியில் அது விழுந்தது. ஏழைகளின் சேமிப்பும் போயிற்று. மோசடிக் குற்றத்துக்காக 1839-ல் தண்டனை பெற்ற டயட், மன்னிக்கப்பட்டு வெளிவந்து, 1861-ல் இறந்தார்.

அவர் நீங்கிய பின்னும் டயட்வில்லில் வாஷிங்டன் உருவம் வார்ப்பது நிற்கவில்லை. நியூயார்க் ராஜ்யத்துக் கார்னிங் கண்ணாடிக் காட்சிசாலையில் இவ்வகைப் புட்டிகளைக் காணலாம். டயட் பதித்தவற்றுள் ஒன்றில் ஒரு புறம் பெஞ்சமின் பிராங்க்ளின். மறு புறம் 'எம்.டி.' பட்டத்துடன் டயட்டே!