கடைமடை விசுவாசம்

மதுரையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கி.மீ. சென்றால் மேலூர். மேற்கே ஓடிய பெரியாற்றைப் பென்னிகுவிக் அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கே திருப்பினார். அந்நீர் கள்ளந்திரி வரை இருபோகத்திற்குப் பாயும், மேலூருக்கோ ஒருபோகமே. மழை பொய்த்த ஆண்டில் அதுவும் ஐயமே. ஆயினும், நீர் வருமுன்னரே உழவர் வாய்க்காலைத் தூர்வாரி, வரப்பைச் செப்பனிடுவதை இங்குக் கண்டோம்.

கேட்டது கிட்டியபின் நன்றிப் பூசைக்கு நாம் தவறுவதில்லை. ஆனால் பிணி நீங்காதபோதும், பிள்ளைக்கு வேலை கிட்டாதபோதும் நம் இல்லத்தில் செபமாலை தொடர்கின்றதா? மரமும் வயலும் பலன் மறுத்த காலத்திலும் ஆண்டவரில் அக்களிப்புற்றார் அபகூக் இறைவாக்கினர். மடை திறந்தபின் மகிழ்வது எளிது. வறண்ட வாய்க்காலின் கரையில்தான் நம் விசுவாசத்தின் ஆழம் புலப்படும். அன்பர்களே, இன்றிரவு குடும்பச் செபத்தின்போது இதனைச் சற்றே ஆய்ந்து பார்ப்போமாக!