இருபது வருஷம் ஓட்டியவருக்கு ஒரு தேர்வு

நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஐந்து ஏக்கரில் கரும்பு வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு வயது 49. டிராக்டரில் உட்கார்ந்தால், கயிறு பிடித்தாற்போல நேராகச் சால் ஓட்டுவார். இருபது வருஷமாக ஓட்டியும் லைசென்ஸ் மட்டும் எடுத்ததில்லை. ‘நம்ம கழனி, நம்ம வண்டி, எதுக்கு லைசென்ஸ்?’ என்பார்.

போன அரவைப் பருவத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போனபோது, ராத்திரியில் டிரெய்லர் டயர் பஞ்சரானது. வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு ஆள் தேடிப் போனார். பின்னால் விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. பைக்கில் வந்த பக்கத்து ஊர்ப் பையன் மோதி, கால் எலும்பு முறிந்தது. வைத்தியச் செலவுக்கு மூன்று பவுன் நகை அடகுக்குப் போனது. அதைவிட, அந்தப் பையன் ஊன்றுகோலோடு நடப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் போனது.

பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். கல்லூரியில் படிக்கும் மகள்தான் வாத்தியார். தினமும் பால் கறந்த பிறகு அரை மணி நேரம் பாடம். அட்டைப்பெட்டியை வெட்டி, சாலைக் குறியீடுகளை வரைந்து காட்டினார் மகள். சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கை, வட்டம் கட்டளை, நீலச் செவ்வகம் தகவல், தலைகீழ் முக்கோணம் ‘வழி விடு’, எண்கோணம் ‘நில்’.

“குறுகலான பாலம். எதிர்ல ஒரு வண்டி பாலத்துல ஏறப்போகுது. நீங்க என்னப்பா பண்ணணும்?”

“லைட்டைப் போட்டுக் காட்டிட்டு முந்திப் போயிடணும்.”

“தப்புப்பா. நின்னு, அது வந்த பிறகுதான் போகணும்.”

வாரம் முழுக்க இப்படித்தான். இத்தனை வருஷமாகச் சரியென்று செய்துவந்தது பலதும் புத்தகத்தில் தப்பாக இருந்தது. ஒருநாள் மகள் கேட்டார், “ராத்திரியில வண்டி ரோட்டோரம் நின்னா என்ன எரியணும்?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பார்க்கிங் லைட்டு. அது எனக்கு மறக்காதும்மா” என்றார்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தேர்வு. 60 சதவிகிதம் சரியாக இருந்தால் போதும். அவருக்கு ஒன்றுதான் தப்பு. பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து வண்டி ஓட்டிக் காட்டி, நிரந்தர உரிமமும் வாங்கிவிட்டார். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர் இலகுரக வாகனம்தான். சாலையில் ஏறினால் அதற்கும் உரிமம் வேண்டும்.

இந்தப் பருவம் முதல் கட்டு ஏற்றும் முன்பே டிரெய்லரின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டி, விளக்குக்கு ஒயர் இழுத்துவிட்டார். ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்த வேலை. அடகுக்குப் போன நகை இன்னும் திரும்பவில்லை.