தை மாதத்து நுவரெலியா

நுவரெலியா என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது சித்திரை மாதம். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் கிறகரி வாவியிற் படகுச் சவாரியுமாக அவ்வூர் அப்போது கல்யாண வீடுபோற் காட்சி தரும். கொழும்பின் புழுக்கத்தில் வெந்தவர்கள் நான்கு நாள் அங்கே தங்கிவிட்டு, “இருந்தால் இப்படியோர் ஊரில் இருக்கவேண்டும்” என்று பெருமூச்சு விட்டுத் திரும்புவார்கள். நாமும் அப்படித் திரும்பியவர்களே.

எமது நண்பர் ஒருவருக்கு அவ்வூருக்கு உத்தியோக மாற்றம் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவர். எழுபது வயதைக் கடந்த தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்பது குடும்பம். “எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் குடியேறலாமா, அல்லது நான் மட்டும் போய் ஓர் அறையெடுத்துத் தங்குவதா? நீர் அந்த ஊரைக் கண்டவர், சொல்லும்” என்று கேட்டார். சித்திரையிற் கண்டதை வைத்து இதற்கு விடை கூறுவது நேர்மையன்று என்று எமக்குப் பட்டது. ஆகவே தை மாதத்தில் ஒருமுறை பயணமானோம்.

கண்டியிலிருந்து பஸ் வண்டி றம்பொடை நீர்வீழ்ச்சிகளைக் கடந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. தென்னை முதலில் விடைபெறுகிறது, பின்னர் பலா, அப்பால் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. ஊரை அடையும்போது கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் நிற்கிறோம். அருகே இலங்கையின் அதியுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால 2,524 மீற்றர் உயரத்தில் முகிலைப் போர்த்திக்கொண்டிருக்கிறது.

குளிரை நாடி வந்தவர்கள் அமைத்த நகரம் இது. எட்வேட் பான்ஸ் தேசாதிபதியாக இருந்த காலத்தில் (1824 – 1831) நோயுற்ற ஆங்கிலேயர் உடல் தேறுவதற்கென இங்கே விடுதி எழுந்தது. அயலிலுள்ள ஹக்கலப் பூங்கா, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரங்களை வளர்ப்பதற்காக 1861இல் தொடங்கப்பட்டது. வாவியும் 1873இல் தேசாதிபதி கிறகரி காலத்தில் மனிதர் அமைத்ததே. செங்கல்லாலான தபாற் கந்தோருக்கு வயது நூற்றிருபதுக்கு மேல்.

நாம் தங்கியது ஓர் ஆசிரியர் வீட்டில். குளிரின் முதற் பாடத்தைச் சொல்லித் தந்தவர் அவ்வீட்டு அம்மையார். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாய் உறைந்திருந்தது; அடுப்பருகே வைத்து உருக்கிய பின்னரே தாளிதம். மாலையில் அரைத்த தோசைமா காலையிற் பொங்குவதில்லை. பானையைத் துணியாற் சுற்றி அடுப்படியில் வைக்கவேண்டும். இவ்வுயரத்திலே நீர் ஏறக்குறைய 94 பாகையிற் கொதித்துவிடுவதால் பருப்பு வேக அதிக நேரமும் விறகும் செல்லும். மழை நாட்களில் தோய்த்த உடுப்பு மூன்று நாளாகியும் ஈரம் விடாது.

“ஆனாலும் விட்டுப் போக மனமில்லை” என்றார் அம்மையார். காரணங்களை நாமும் கண்டோம். மின்விசிறியும் நுளம்பு வலையுமின்றி ஆழ்ந்த உறக்கம். தோட்டத்திற் பிடுங்கிய ஈரம் உலராத கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும். சந்தை, பாடசாலை, கோயில் யாவும் நடந்து போகும் தூரம். கடைக்காரர் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். சிறிய ஊரின் குறையும் அந்த வீட்டிலேயே தெரிந்தது: பெரிய வைத்தியமென்றால் கண்டிக்கு இறங்கவேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மலை சரிந்து வீதிகள் மூடுண்டதை அம்மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள்.

மறுநாள் வைகறையில் வெளியே சென்றோம். புல்லின்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. எமக்கு அழகு, தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கும் பகை அது. நகரைத் தாண்டியதும் ஒரு தோட்டத்து லயன் வரிசை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளையர் காலத்தில் அளந்து கட்டிய காம்பராக்கள். தகரக் கூரையிலிருந்து பனி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொழுந்துக் கூடையோடு புறப்பட்ட முதிய தாய் ஒருவரிடம், “இந்தக் குளிர் பழகிவிட்டதா, அம்மா?” என்று கேட்டோம்.

“பழகிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க ஐயா. குளிர் யாருக்கும் பழகாது. வேலை செய்யிறப்ப மறந்துபோகும், அவ்வளவுதான்” என்றார்.

அக்கேள்வியைக் கேட்டதற்காக வெட்கப்பட்டோம். ஒரே மலை, ஒரே பனி. விடுதியில் நெருப்பு மூட்டிய அறையில் இருப்பவருக்கு அது சுகம். ஆசிரியர் வீட்டிலே அது சிறு தொல்லை. லயத்திலே அது இரவு முழுவதும் விழித்திருக்கும் துன்பம். ஊர் வாழத்தக்கதா என்பதைப் பாகைமானியைப் பார்த்துச் சொல்ல இயலாது. கூரையையும் போர்வையையும் பார்த்தே சொல்லவேண்டும்.

வீடு திரும்பியதும் நண்பருக்கு இவ்வாறு எழுதினோம்: “குடும்பத்தோடு போம். பிள்ளைகளுக்கு நல்ல ஊர். ஆனால் வீடு பார்க்கும்போது பூந்தோட்டத்தைப் பாராதீர். சுவரில் ஈரம் ஏறுகிறதா, கூரை ஒழுகுகிறதா, அம்மாவின் அறையில் காலை வெயில் விழுமா என்று பாரும். அப்படி ஒரு வீட்டுக்கு உமது சம்பளம் இடந்தராவிட்டால் அம்மாவை ஊரிலேயே விடும். அழகான ஊரென்று சொல்லி அவரை நடுங்க வைக்காதீர்.”

நண்பர் பங்குனியிற் குடும்பத்தோடு சென்றார். முதற் கடிதத்தில் வாவியைப் பற்றியோ மலரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. “காலை வெயில் விழும் அறை கிடைத்தது. அம்மா எண்ணெய்ப் போத்தலையும் தன்னோடு வெயிலில் வைத்துக்கொண்டிருக்கிறா” என்று மட்டும் எழுதியிருந்தார். எமக்கு அதுவே போதுமானதாயிருந்தது.